தோற்றேன் என்னும் சொல்

ஒருவன் தன் வாயால் ‘தோற்றேன்’ என்று சொல்லலாமா? சொல்லிவிட்டபின் அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா? முதற் கேள்வி பழையது. அதற்கு நம் முன்னோர் உயிரையே விடையாகக் கொடுத்திருக்கின்றனர். இரண்டாவது கேள்வியை நான் எந்நூலிலும் தேடியவனல்லன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் பாரு நகரத்து மண்டபம் ஒன்றில், விரித்த மெத்தையின்மேல் முகம் பதிந்து கிடந்த வேளையில், அது என்னிடம் விடை கேட்டது. சிந்திக்கக் கிடைத்த அவகாசம் ஒரு மூச்சளவு. நான் கொடுத்த விடை தவறு. அத்தவற்றை ஆராய்வதற்காகவே இதனை எழுதலானேன்.

நான் குளுவாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருப்பவன். வயது 36. தோட்டத்திற் பிறந்து, சிங்கப்பூரில் மாமா வீட்டில் தங்கி ஆங்கிலத்தின் வழியே படித்தவன். பகல் முழுதும் நாற்காலியில் அமர்ந்து குலைக்கணக்கும் சம்பளக்கணக்கும் பார்த்து உடல் பெருத்துப் போனமையால், மூன்று ஆண்டுகளுக்கு முன் டவுனில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் நடக்கும் மற்போர்ப் பயிற்சியிற் சேர்ந்தேன். கிராணிக்கு மற்போர் எதற்கு என்று நேயர்கள் நகைக்கக்கூடும். என் மனைவி அந்நகைப்பையெல்லாம் முன்னரே நகைத்து முடித்துவிட்டாள். புதிதாக எனக்கு நோவதற்கு ஒன்றுமில்லை.

இம்மற்போரை ஆங்கிலத்தில் சப்மிஷன் கிராப்ளிங் என்பர். பிடித்துப் பணியவைத்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். (மாதக் கணக்கைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிவைப்பதற்கும் ஆங்கிலத்தில் சப்மிஷன் என்றே பெயர், அந்தப் பணிதலில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் உண்டு.) இதில் குத்தில்லை, உதையில்லை. எதிரியைத் தரையிற் கிடத்தி, அவனுடைய மூட்டை அது மடங்காத திசையில் வளைத்தோ, கழுத்தின் இருபுறத்து இரத்தக்குழாய்களையும் நெருக்கியோ, இனித் தாளமுடியாது என்னும் நிலைக்குக் கொண்டுவரவேண்டும். கழுத்துப்பிடி நன்கு விழுந்துவிட்டால் ஏறக்குறைய 10 விநாடிக்குள் நினைவு தப்பும். மூட்டுப்பிடி நன்கு விழுந்துவிட்டால் தசைநார் கிழியும். ஆகவே இவ்விளையாட்டு முழுவதும் ஒரு சிறு சைகையின்மேல் நிற்கிறது. அகப்பட்டவன் எதிரியின் உடம்பிலோ மெத்தையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்டவேண்டும். கை வசப்படாவிடில் வாயாற் சொல்லலாம். தட்டிய கணமே மற்றவன் பிடியை விட்டுவிடுவான். இச்சைகை ஒன்று இல்லையேல், பிள்ளைகுட்டிக்காரர்கள் மாலையிற் கூடி ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துவிட்டு, இரவு அவரவர் வீட்டிற்குப் போய்ச் சோறுண்ண முடியாது.

மற்போர் என்றவுடன் பெரியவர்களுக்குக் கிங்காங்கும் தாராசிங்கும் நினைவுக்கு வருவர். அவர்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மேடையேறிய கதைகளை என் மாமா இன்றும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். அவையெல்லாம் பெரும்பாலும் காண்போர் களிப்புக்காக நடத்தப்பட்டவை என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நான் சொல்லும் விளையாட்டு அவ்வகையினதன்று. இங்கே ‘தோற்றேன்’ என்பவன் உண்மையிலேயே தோற்றவன்.

இது வந்த வழியைச் சிறிது சொல்லவேண்டும். 1882ஆம் ஆண்டில் கானோ ஜிகோரோ என்பார் டோக்கியோவில் ஜூடோப் பள்ளியை நிறுவினார். அப்பள்ளியின் மாணவருள் ஒருவராகிய மேடா என்பார் பல நாடுகளிற் பொருது 1914இல் பிரேசில் நாடு சேர்ந்தார். அவர் வழியாக அக்கலை கிரேசி என்னும் குடும்பத்தாரிடம் சென்று, அங்கே தரையிற் கிடந்து பொரும் முறையாக வளர்ந்தது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ரியோ நகரத்து மரக்கானா அரங்கில், எலியோ கிரேசி என்பாரும் ஜப்பானிய வீரர் கிமுராவும் எதிரெதிர் நின்றனர். கிமுரா எலியோவினும் உடல் பெருத்தவர். அவர் எலியோவின் கையை முதுகுப்புறமாகத் திருகிப் பிடித்தார். எலியோ தட்டவில்லை. கிமுரா மேலும் திருகினார், எலும்பு முறிந்தது. அப்பொழுதும் அவர் தட்டவில்லை. கடைசியில் அவர் பக்கத்தில் நின்றவர்களே ஆட்டத்தை நிறுத்தினர். அந்தப் பிடிக்கு இன்று உலகெங்கும் கிமுரா என்றே பெயர். தோற்றவரின் குடும்பத்தார் வளர்த்த கலையிலே வென்றவரின் பெயர் வழங்குவது எனக்கு எப்பொழுதும் வியப்பாகவே இருக்கிறது.

எலியோவின் கதையை எங்கள் பயிற்சிக்கூடத்து இளைஞர்கள் கண்கள் மின்னக் கேட்பர். நமக்கும் அது அயற்கதையாகத் தோன்றாது. வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருது முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்று புறநானூறு கூறும். அதே நூலில், போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைக் கீழே தள்ளி மார்பில் ஒரு காலும் முதுகில் ஒரு காலுமாக வைத்து அடர்த்ததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ‘போதும்’ என்று சொல்ல அந்த மல்லனுக்கு ஏதேனும் சைகை இருந்ததா என்பது பாட்டில் இல்லை. அவன் என்ன நினைத்தான் என்று கேட்க எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை. பணிந்தவனைப் பாடும் வழக்கம் நம்மிடம் குறைவு.

இவ்வெறுப்புக்கு வேறொரு காரணமும் உண்டென்று நான் கருதுகிறேன். நம் பாட்டன்மார் இந்நாட்டுக் காடுகளில் பணிந்தனர். பணிந்ததனால் எந்தப் பிடியும் தளர்ந்ததில்லை. பெரட்டுக் களத்தில் தலை குனிந்தவனுக்கு மறுநாள் சுமை குறைந்ததா? குனிந்தவனை மேலும் குனியவைப்பதே அன்றைய வழக்கம். ஆகையால் பணிதல் என்றாலே இழிவு என்று நம் எலும்பில் எழுதப்பட்டுவிட்டது. மெத்தையின்மேல் நடக்கும் பணிதலோ வேறு சாதியைச் சேர்ந்தது. இங்கே தோற்பவன் தட்டுகிறான், வெல்பவன் கட்டுப்படுகிறான். தட்டு விழுந்தபின் அவன் எவ்வளவு வலியவனாயினும் ஓர் அங்குலம் கூட நெருக்க உரிமையில்லாதவன். என் தோளைத் திருகிக்கொண்டிருக்கும் ஒருவனை, என் இரண்டு விரலால் நிறுத்திவிடும் ஆற்றல் எனக்கு வேறெங்கும் கொடுக்கப்பட்டதில்லை. ஆதலால் தட்டுவதை இழிவென்று நான் எண்ணுவதேயில்லை. பயிற்சிக்கூடத்தில் ஓர் இரவில் ஐந்தாறு முறை தட்டுவேன். தன்மானம் தோள்மூட்டுக்குள் இருப்பதாக நான் நம்பவில்லை. அந்தத் தோளைக்கொண்டு நான் எழுதவேண்டியது நூற்றுக்கு மேற்பட்டோரின் சம்பளம்.

நிற்க. இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தொழிலாக ஆடாதவர்களுக்கென நடந்த பந்தயம் அது. தொடக்க நிலையினர் பிரிவில் பெயர் கொடுத்திருந்தேன். ஆட்டம் ஒன்றுக்கு 5 நிமிடம். எடை குறைக்க ஒரு மாதம் இரவுச் சோற்றை விட்டிருந்தேன். மனைவி நகைப்பதை நிறுத்திக் கவலைப்படத் தொடங்கியிருந்தாள். முதல் ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்தவன் என்னிலும் பத்து வயது இளைய மலாய் இளைஞன். மின்சார வேலை செய்பவன் என்று பின்னர் அறிந்தேன். மூன்று நிமிடத்திற்குள் என் நுரையீரல் என்னைக் கைவிட்டது. அவன் மல்லாந்து கிடந்து கால்களால் என் இடுப்பைப் பின்னிக்கொண்டு, என் வலக்கையைப் பற்றி முதுகுப்புறமாகத் திருகினான். எந்தப் பிடியைப் பற்றி மேலே எழுதினேனோ அதே கிமுராப் பிடி. முதலில் இழுப்பு; பின்பு தோளுக்குள் ஒரு சூடு; பின்பு வலி என்று சொல்லமுடியாத ஒரு வெண்மை. என் இடக்கை எங்கள் இருவர் உடலுக்கும் நடுவே சிக்கியிருந்தது. அந்த இடுக்கிலேயே அவன் விலாவில் தட்டினேன். இரண்டு முறை. மூன்றாவது முறை தட்டுமுன் அவன் விட்டுவிட்டான்.

நடுவர் மறுபுறத்தில் நின்றிருந்தார். அவர் தட்டைக் காணவில்லை. பிடி நழுவிற்று என்று எண்ணிக்கொண்டார். கையை அசைத்து, “ஆடுங்கள், ஆடுங்கள்” என்றார். அவனோ ஆட்டம் முடிந்ததென்று நம்பிக் கால்களை அவிழ்த்து, எழுவதற்காக ஒருக்களித்துத் திரும்பினான். அவன் முதுகு என் முன்னே இருந்தது.

நேயர்களே, அந்த ஒரு மூச்சளவு நேரத்தில் நான் எல்லாவற்றையும் அறிந்திருந்தேன். அறியாமற் செய்தேன் என்று எழுதினால் இக்கட்டுரைக்கே பொருளில்லை. நான் அவன் முதுகின்மேல் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன். அவன் சிறிது திமிறினான். பிறகு தட்டினான். அவன் தட்டியதை நடுவர் கண்டார். என் கையைப் பிடித்து உயர்த்தினார். என் வாத்தியாரும் நண்பர்களும் கைகொட்டினர்.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பி வருகையில் எனக்காக நானே மூன்று வழக்குரைகளைச் சமைத்தேன். கணக்கெழுதும் தொழிலிலே இருப்பவனுக்குக் காரணங் காட்டுவது கடினமன்று.

‘நடுவர் நிறுத்தும்வரை பிடியை விடாதே’ என்று எல்லா வாத்தியார்களும் கற்பிக்கின்றனர். அவன் விட்டது அவன் பிழை என்பது முதலாவது. கற்பிப்பது உண்மையே. ஆனால் அது பிடித்திருப்பவன் ஏமாறாமலிருக்கச் சொன்ன எச்சரிக்கை. பிடிபட்டவனுக்கு ஏமாற்ற வழங்கிய அனுமதியன்று. பூட்ட மறந்தவனின் மறதி திருடனுக்குப் பட்டயமாகுமா? மேலும் அந்த எச்சரிக்கை எதனால் வேண்டியிருக்கிறது? என்போன்றவர்கள் இருப்பதனால்தான்.

நடுவர் தீர்ப்பே முடிவு என்பது இரண்டாவது. நடுவர் கண்டதற்குத் தீர்ப்புச் சொல்பவர். நான் தட்டியது இரண்டு பேருடைய தோலுக்கு மட்டுமே தெரியும். அவர் அறியாத ஒன்றைப் பற்றி அவர் தீர்ப்புச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்வது, அவர் தலையில் என் சுமையை ஏற்றுவதாகும்.

மூன்றாவதுதான் என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது. தட்டியது என் கையே, நானல்லன். வலியில் உடம்பு தானாகத் துடித்தது. அதை என் சொல்லாகக் கொள்ளலாகாது என்பது. ஆங்கிலத்தில் நான் படித்த தத்துவநூல்கள் சிலவற்றில் இதற்கு ஆதரவு தேடமுடியும். செயல் வேறு, உடலின் துடிப்பு வேறு என்று அவற்றில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குளுவாங் ரோட்டில் பஸ் பாதி தூரம் வரும்வரை இந்த வாதம் வலுவாகவே இருந்தது. பிறகு ஒன்று தோன்றிற்று. அவன் விட்டவுடன் என் தோளில் ஒரு குளிர்ச்சி பரவியதல்லவா? அதை நான் ஏற்றுக்கொண்டேனல்லவா? தட்டு என்னுடையதல்ல என்றால் அதனாற் கிடைத்த விடுதலையும் என்னுடையதல்ல. அதை மறுக்க நினைப்பவன், “நான் தட்டவில்லை, தம்பி; இந்தா என் கை, முன்போற் பிடித்துக்கொள்” என்று நீட்டியிருக்கவேண்டும். நான் விலையை மட்டும் மறுத்துச் சரக்கை வைத்துக்கொண்டேன்.

இப்படி எண்ணும்போது எலியோ கிரேசியைப் பற்றிய என் அபிப்பிராயமும் மாறிற்று. கை முறியும்வரை தட்டாதவரை நான் முன்பு மூடரென்றே எண்ணியிருந்தேன். இன்றும் என் மகன் அவ்வாறு செய்தால் கண்டிப்பேன். ஆயினும் அவர் எவரையும் ஏமாற்றவில்லை. ‘பணியேன்’ என்றார், பணியவில்லை, அதற்குரிய எலும்பைக் கொடுத்தார். நானோ பணிந்தேன் என்று சொல்லி எலும்பைக் காத்துக்கொண்டு, பணியவில்லை என்று சொல்லி வெற்றியையும் எடுத்துக்கொண்டேன். பெருஞ்சேரலாதன் தன் முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணினான். அன்று என் எதிரே திரும்பிய முதுகு ஓடுவதற்காகத் திரும்பியதன்று. என் சொல்லை நம்பித் திரும்பியது.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். பால் நிறுக்கும் இடத்தைப் பற்றி அவர் ஒருமுறை சொன்னது அந்த இரவில் நினைவுக்கு வந்தது. விடியுமுன் மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் பாலைச் சேர்த்து வாளியிற் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். எனவே கிராணி வாளியை நிறுத்துவிட்டு, மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதன் தரத்தைப் படிப்பார். எண்ணைச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். அதன்பிறகு வெட்டுக்காரர் தம் பாலைப் பொதுத்தொட்டியில் ஊற்றிவிடவேண்டும்.

“ஊத்துறதுக்கு முன்னாடி அது என் பாலு. ஊத்தின பிறகு தொட்டியில எது என் பாலுன்னு யாரு காட்டுவா?” என்றார் அவர்.

ஒரு தோட்டத்தில், தோட்டத்தின் பெயர் வேண்டா, ஒரு கிராணி வாயால் ஓர் எண்ணைச் சொல்லிப் புத்தகத்தில் அதைவிடச் சிறிய எண்ணை எழுதி வந்தாராம். எழுத்தறியாதவர்கள் சொல்லை நம்பி ஊற்றினார்கள். சம்பள நாளில் குறை தெரிந்தபோது நிறுப்பதற்குப் பால் இல்லை. தந்தையார் கோபமாகச் சொல்லவில்லை. நான் கிராணி வேலையில் அமர்ந்த முதல் வாரத்தில், சோறுண்டுகொண்டே சொன்னார். சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

பிடியும் அப்படித்தான். அவன் என் கையைப் பற்றியிருந்தவரை வெற்றி அவனுடையது. என் தட்டை நம்பி அதைத் தொட்டியில் ஊற்றினான். ஊற்றியபின் மீட்டெடுக்க அவனுக்கு வழியில்லை. அந்தக் கிராணியை நான் பன்னிரண்டு ஆண்டுகளாக மனத்துக்குள் இழிவாக எண்ணி வந்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் குலைக்கணக்கில் ஒரு குலையும் தவறக்கூடாதென்று, அறுவடை செய்யும் நேப்பாளத் தொழிலாளரிடமும் வங்காளத் தொழிலாளரிடமும் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவேன். அதில் எனக்குச் சிறிது கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் ஐந்து நிமிட ஆட்டத்திற்குள் எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. ஆபீஸில் நான் நேர்மையாய் இருப்பது என் குணமா, அல்லது அங்கே எனக்கு மூச்சு வாங்காததுதானா?

பஸ்ஸைப் பற்றி எழுதியதால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்றே மண்டபத்தில் சிறிது செய்ய முயன்றேன். அடுத்த ஆட்டத்தில் ஒரு சீன இளைஞரிடம் ஒரு நிமிடத்திற்குள் தோற்றேன்; அங்கே எல்லோரும் காணும்படி உரக்கத் தட்டினேன். அதன்பின் நடுவரிடம் சென்று முதல் ஆட்டத்தில் நடந்ததைக் கூறினேன். அவர் நல்லவர். என் முதுகில் தட்டிக்கொடுத்து, எழுதிய முடிவை இனி மாற்ற இயலாது, அடுத்த ஜோடி காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நேர்மையாளன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அது இன்னொரு பொய்யாக என் கணக்கில் ஏறிற்று. தோற்றபின் சொன்ன உண்மைக்கு என்ன எடை?

அந்த மலாய் இளைஞனை வாசலருகே கண்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். “நான் தட்டினேன்” என்றேன்.

“தெரியும், பாங். அதனால்தான் விட்டேன்” என்றான்.

“ஏன் நடுவரிடம் சொல்லவில்லை?”

அவன் சிறிது யோசித்தான். “நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன்.”

அவன் குரலில் குற்றஞ்சாட்டும் தொனி இல்லை. என் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். இருவரும் கைப்பேசி எண்களை மாற்றிக்கொண்டோம்.

தோள் பரவாயில்லை என்றதும் முழு உண்மையன்று. இப்பொழுதும் நெடுநேரம் எழுதினால் உள்ளே ஒரு கம்பி இழுப்பதுபோல் இருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் அப்படி இழுத்தபோது, அவனுக்கு ஒரு செய்தி எழுதினேன். ‘ஒருமுறை குளுவாங்கிற்கு வா. எங்கள் மேல்மாடியில் மெத்தை இருக்கிறது. நீ பிடித்திருந்த அதே இடத்திலிருந்து தொடங்குவோம். என் வலக்கை உன் கையில். உன் கால்கள் என் இடுப்பில். மணி மூன்று நிமிடத்தைக் காட்டட்டும்’ என்று கேட்டுக்கொண்டேன். மறுமொழி வர இரண்டு நாளாயிற்று. தனக்கும் குளுவாங்கில் ஒரு வேலை இருக்கிறதென்றும், சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு வருவதாகவும், மதியம் எங்கே சாப்பிடலாம் என்றும் எழுதியிருந்தான்.